மோசமான நாளுக்கு ஏற்ற தோட்டம்

மனசு சரியில்லையா, தோட்டம் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப்பட்ட தோட்டம் என்று சொல்பவர்கள் குறைவு. நான் மனநலப் பிரிவில் நர்ஸாகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வார்டுக்குப் பின்னால் இருந்த சின்னத் தோட்டம் என் பொறுப்பு. அங்கே நோயாளிகளோடு சேர்ந்து செடி வளர்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம், நல்ல நாளை வைத்துத் தோட்டத்தைத் திட்டமிடக் கூடாது. நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு விடுமுறைக் காலையில் போடும் திட்டத்தில் இருபது தொட்டி இருக்கும், கொடிப் பந்தல் இருக்கும், சொட்டுநீர்க் குழாய்கூட இருக்கும். அப்புறம் ஒரு நாள் வரும். அன்றைக்கு எழுந்து பல் தேய்ப்பதே பெரிய வேலையாக இருக்கும். வாடி நிற்கும் இருபது தொட்டியும் உங்களைக் குற்றவாளியாக்கும். ஆகவே உங்களுடைய மிக மோசமான நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உங்களால் எவ்வளவு முடியும்? ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றத்தான் முடியும் என்றால், ஒரு தம்ளர் தண்ணீர் போதுமான அளவுக்குத்தான் தோட்டம். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றிலிருந்து மூன்று தொட்டி.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். செடி, மாத்திரைக்கு மாற்று இல்லை. மருந்தை நிறுத்திவிட்டு மண்ணைக் கிளறினால் போதும் என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். தலையாட்டிவிட்டு மருந்தைத் தொடருங்கள். லேசான மனச்சோர்வு, வேலை அழுத்தம், தூக்கக் குறைவு போன்றவற்றில் தோட்டம் தனியாகவே கணிசமாக உதவும். கடுமையான நோயில் மருந்துக்கும் பேச்சு சிகிச்சைக்கும் துணையாக நிற்கும். அவ்வளவுதான் அதன் வேலை, அதுவே பெரிய வேலை.

ஏன் உதவுகிறது

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812இலேயே எழுதியிருக்கிறார்: விறகு வெட்டியும் தோட்டம் கொத்தியும் வேலை செய்த மனநோயாளிகள் பலர் தேறினார்கள், அந்தஸ்து காரணமாக வேலை கொடுக்கப்படாதவர்கள் மருத்துவமனையிலேயே வாடிக்கிடந்தார்கள் என்று. 1984இல் ராஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வீரியமான வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. நர்ஸ்கள் எழுதிய குறிப்பிலும் அவர்களைப் பற்றிய குறைகள் கம்மி. எனக்கு இதில் அந்தக் கடைசித் தகவல்தான் பிடிக்கும். நோயாளி டாக்டரிடம் சிரித்துப் பேசிவிடலாம், இரவு நர்ஸின் குறிப்பேட்டை ஏமாற்ற முடியாது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கேப்ளன், ஸ்டீபன் கேப்ளன் தம்பதி சொன்ன விளக்கம் எனக்கு வேலையில் நிறையப் பயன்பட்டது. கணக்கு பார்க்கும்போது, சாலையைக் கடக்கும்போது, ஒருவர் பேசுவதைக் கூர்ந்து கேட்கும்போது கவனத்தை நாம் வலிய இழுத்துப் பிடிக்கிறோம். அப்படிப் பிடித்துப் பிடித்து அது களைத்துப்போகிறது. இலை அசைவது, எறும்பு ஊர்வது, நீர் மண்ணுக்குள் இறங்குவது ஆகியவையும் கவனத்தை இழுக்கும்தான், ஆனால் மெதுவாக, நம்மிடம் எதுவும் கேட்காமல். அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுக்கிறது. மனச்சோர்வில் ஒரே நினைப்பு சுற்றிச் சுற்றி வருமே, அதற்கும் இது உதவுகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையான இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு அந்தச் சுழல் நினைப்பு குறைந்தது. போக்குவரத்து மிகுந்த சாலையோரம் அதே நேரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை.

அளவுக்கு மீறிச் சொல்லப்படுபவையும் இருக்கின்றன. அறையில் நான்கு செடி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்பார்கள். 2019இல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், காற்றோட்டத்துக்கு இணையாக வேலை செய்ய ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள், போதும். மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியா மகிழ்ச்சியைத் தரும் என்ற செய்தியும் அடிக்கடி சுற்றும். அது எலிகளில் பார்த்தது. மண்ணில் கை வைக்க வேறு நல்ல காரணங்கள் இருக்கும்போது எலியை எதற்கு இழுக்க வேண்டும்?

தொட்டியை எங்கே வைப்பது

மொட்டை மாடி வேண்டாம். படி ஏறிப் போக வேண்டிய தோட்டத்துக்கு மோசமான நாளில் யாரும் போக மாட்டார்கள். நீங்கள் எப்படியும் ஒரு நாளில் பல முறை கடந்துபோகும் இடம் எதுவோ, அங்கே வையுங்கள். சமையலறை ஜன்னல், பல் தேய்க்கும் இடம், வாசற்கதவுக்குப் பக்கம். தண்ணீர் எடுக்கும் குவளை தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வேறு அலமாரியில் இருக்கக் கூடாது. குவளையைத் தேடும் நேரத்தில் மனசு மாறிவிடும்.

வெளிச்சத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நண்பகலில் தொட்டி வைக்கப்போகும் இடத்துக்கு மேல் கையை நீட்டுங்கள். நிழல் தெளிவான விளிம்போடு விழுந்தால் பூச்செடி வரும். மங்கலாக விழுந்தால் இலைச் செடிகளுக்குப் போதும். நிழலே தெரியவில்லை என்றால் அங்கே ஸ்னேக் பிளான்டும் மணி பிளான்டும் தாக்குப்பிடிக்கும், மற்றவை சிரமம்.

தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மண், தென்னைநார்க் கழிவு, நன்றாக மக்கிய உரம் மூன்றையும் சம அளவு கலந்தால் ஆரம்பத்துக்குப் போதும். மண்கலவை பற்றி நாள் கணக்கில் படித்துக்கொண்டிருப்பது, ஆரம்பிக்காமல் இருப்பதற்கு மனசு கண்டுபிடிக்கும் நல்ல சாக்கு.

ஒரு ஸ்டூல் போடுங்கள். இதை நான் செடியைவிட முக்கியமாகச் சொல்வேன். வார்டு தோட்டத்தில் உட்கார ஒன்றும் இல்லாத காலத்தில் ஆட்கள் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பழைய ஸ்டூல்கள் நாலைந்தைக் கொண்டுவந்து போட்ட பிறகு அதே ஆட்கள் அரை மணி நேரம் இருந்தார்கள்.

யாருக்கு எந்தச் செடி

பதற்றம் உள்ளவர்கள் செடியைத் தண்ணீரில் மூழ்கடிப்பார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் காயவிடுவார்கள். வார்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. இது தெரிந்துவிட்டால் செடி தேர்ந்தெடுப்பது பாதி முடிந்துவிடும்.

பதற்றக்காரருக்குத் தண்ணீர் கேட்கும் செடியைக் கொடுக்க வேண்டும், அதுவும் சுட்ட மண் தொட்டியில். மண் தொட்டியின் சுவர் வழியாகவே ஈரம் வெளியேறும், அதனால் அவர் காலையும் மாலையும் ஊற்றினாலும் வேர் அழுகுவது குறைவு. புதினா இதற்குச் சரியான செடி. ஒரு தண்டைத் தண்ணீரில் போட்டு வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் விடும், கண்ணாடிக் குவளை என்றால் அது வளர்வதையும் பார்க்கலாம். பொடி விதைகளை ஒவ்வொன்றாக வரிசையில் போடுவது, களையைப் பிடுங்குவது, உதிர்ந்த இலைகளைப் பொறுக்குவது என்று கைக்கு ஓயாத சின்ன வேலை வேண்டும் இவர்களுக்கு.

தொட்டாற்சிணுங்கியையும் இவர்களுக்காகவே ஒரு தொட்டியில் வைத்திருந்தேன். இலையைத் தொடுங்கள், மூடிக்கொள்ளும். மறுபடி விரியச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட்டுக்கொண்டு இருக்க வேண்டும். கண்ணை மூடித் தியானம் செய் என்றால் பதற்றம் உள்ள பலருக்கு அது இன்னும் அதிகமாகும். கண்ணைத் திறந்து ஓர் இலைக்காகக் காத்திருப்பது அவர்களால் முடிகிறது. எப்போதும் அறைக்குள் நடந்துகொண்டே இருந்த ஒரு கல்லூரிப் பெண், அந்தத் தொட்டிக்கு முன்னால் மட்டும் உட்காருவாள். "சிஸ்டர், இன்னைக்கு இது லேட்டாத் திறக்குது" என்று எனக்கே புகார் சொல்வாள்.

மனச்சோர்வு உள்ளவருக்கு நேர் எதிர். ஒரு ஸ்னேக் பிளான்ட் அல்லது கற்றாழை, இரண்டு வாரம் மறந்தாலும் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் ஒரு தொட்டியில் சீக்கிரம் முளைக்கும் விதை. மனச்சோர்வில் அடுத்த மாதம் என்பதையே நம்ப முடியாது. மூன்று நாளை நம்ப முடியும். ஆகவே பச்சைப்பயறை இரவு முழுக்க ஊறவைத்து மண்ணில் அரை விரல் ஆழத்தில் போடுங்கள். மூன்று, நான்கு நாளில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். வெந்தயமும் முள்ளங்கியும் அப்படித்தான், ஒரு வாரத்துக்குள் பச்சை தெரியும். அது பழகிய பிறகு செண்டுமல்லி, அது பூக்க இரண்டு மாதம் போல ஆகும். அப்புறம் காசித்தும்பை, காய் முற்றினால் விரல் பட்டதும் வெடித்து விதையைத் தெறிக்கும். எதிர்பார்க்கும் காலத்தை இப்படி மூன்று நாளில் ஆரம்பித்து இரண்டு, மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதுதான் உத்தி. முதலிலேயே மாங்கன்று நடச் சொல்லாதீர்கள்.

தூக்கம் கெட்டவர்களுக்குச் செடியைவிட வேளை முக்கியம். எழுந்ததும் சீக்கிரமாகவே வெளியே வந்து செடியோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டு விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான், வெளியே மேகமூட்டமான நாளிலும் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். காலை வெளிச்சம்தான் உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. இவர்களுக்கு டேபிள் ரோஸ் என்கிற பத்துமணிப் பூ நல்லது. வெயில் ஏறினால்தான் பூ விரியும், மதியத்துக்கு மேல் மூடிவிடும். பூவைப் பார்க்க வேண்டும் என்றால் எழுந்தாக வேண்டும்.

நினைவு மங்கிய முதியவர்களுக்கு வாசனைச் செடி. கற்பூரவல்லி இலையைக் கசக்கிக் கையில் கொடுங்கள், பெயரைக் கேட்டுப் பரீட்சை வைக்காதீர்கள். கோபமும் படபடப்பும் உள்ளவர்களுக்கு மண்கட்டி உடைப்பது, உரக்குழியைக் கிளறுவது மாதிரி உடம்பு களைக்கும் வேலை.

துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இறந்துபோனவர் வளர்த்த செடி வீட்டில் இருந்தால், அதிலிருந்து உடனே சில குச்சிகளை வெட்டி வேறு வேறு தொட்டிகளில் வையுங்கள், ஒன்றிரண்டை உறவினர் வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். ஒரே செடியாக இருந்து அது பட்டுப்போனால், அந்த வீட்டில் இன்னொரு சாவு மாதிரி ஆகிவிடும். நான் பார்த்திருக்கிறேன்.

ரோஜா ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். பூச்சி, கரும்புள்ளி, கவாத்து என்று ஓயாமல் கவனிப்பு கேட்கும், கொஞ்சம் அசந்தால் குச்சியாக நிற்கும். மனசு தெம்பான பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அன்றாடம் என்ன செய்வது

விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர், ஈரமாக இருந்தால் வேண்டாம். மோசமான நாளில் இது மட்டும் போதும். விரலை விட்டுப் பார்த்தாலே அன்றைய தோட்ட வேலை முடிந்தது என்று கணக்கு. சுமாரான நாளில் ஸ்டூலில் பத்து நிமிடம் உட்கார்ந்து காய்ந்த இலையைக் கிள்ளலாம், தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம். நல்ல நாளில் விதை போடலாம், வேறு தொட்டிக்கு மாற்றலாம். நல்ல நாளில்கூடத் தொட்டி எண்ணிக்கை ஏறக் கூடாது. புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று யாருக்காவது போக வேண்டும்.

மனசு வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. மனச்சோர்வின் குணமே அதுதான். முதலில் கை அசைய வேண்டும், மனசு பின்னால் வரும். பேச்சு சிகிச்சையிலும் இதே முறையைப் பயன்படுத்துகிறார்கள், சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்யவைத்து. நேரத்தைத் தனியாகக் குறிக்காமல், தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். பல் தேய்த்ததும் விரல் மண்ணில், அவ்வளவுதான்.

ஒரு நோட்டு வைத்துக்கொண்டால் நல்லது. அதில் உங்கள் மனநிலையை எழுத வேண்டாம். செடியை மட்டும் எழுதுங்கள், ஒரே வரி. "மூணாவது இலை." "அசுவினி வந்திருக்கு." "தண்ணி ஊத்தலை." மனநிலை எழுதச் சொன்னால் பலர் தங்களைத் திட்டி எழுதுகிறார்கள். செடியைப் பற்றி எழுதும்போது பார்த்ததை எழுதுகிறார்கள்.

வேலை முடிந்து வந்து தலை கொதித்துக்கொண்டிருந்தால் அப்போதும் செடிகளிடம் போகலாம். நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஒரு சோதனையில், சிரமமான ஒரு பணியைக் கொடுத்துப் படபடப்பை ஏற்றிவிட்டு, ஒரு குழுவை அரை மணி நேரம் தோட்ட வேலை செய்யவும் இன்னொரு குழுவை அரை மணி நேரம் படிக்கவும் விட்டார்கள். இரு குழுவுக்கும் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்தது, தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது.

செடி செத்துப்போனால்

இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். நன்றாக இருப்பவருக்கு ஒரு செடி போனால் ஒரு செடி போனது, அவ்வளவுதான். மனச்சோர்வில் இருப்பவருக்கு அது, தான் தொட்டதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்பதற்குச் சாட்சி. ஒரு பெரியவர், நல்ல படிப்பாளி, வாடிய நாற்றை என்னிடம் நீட்டி, "பார்த்தீங்களா சிஸ்டர், நான் சொன்னேனே" என்றார். நான் அவரிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவரோடு வேரைக் கழுவிப் பார்த்தேன். பழுப்பாகக் குழைந்திருந்தது, தண்ணீர் தேங்கியிருக்கிறது. தொட்டியைக் கவிழ்த்தோம், ஓட்டை மண்ணால் அடைபட்டிருந்தது. குற்றம் தொட்டியுடையது என்று அவரே சொன்னார்.

அதனால் ஒரு விதை மட்டும் போடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு போடுங்கள், சிலது முளைக்காது என்பதைப் போடும்போதே சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்று போய்விட்டால் வேரையும் மண்ணையும் பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிறகு செடியைக் குப்பையில் போடாமல் உரக்குழியில் போட்டு, அதே தொட்டியில் அன்றைக்கே வேறு விதையைப் போட்டுவிடுங்கள். வெறும் தொட்டி கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கக் கூடாது.

இடமே இல்லாதவர்களுக்கு

ஜன்னல்கூட இல்லாத அறையில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வெளியே இருக்கும் மரம்தான் தோட்டம். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019இல் வந்த ஆய்வில், வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள், அங்கே போகவே போகாதவர்களைவிடத் தங்கள் ஆரோக்கியமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சாகக் கழித்தாலும் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் இல்லை. அதாவது தினமும் இருபது நிமிடத்துக்கும் குறைவு. நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வியும் இந்த மாதிரி ஆய்வில் இருக்கும், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பூங்கா முழுக்கச் சுற்ற வேண்டாம். ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், போகும்போதெல்லாம் அதே மரம். பட்டையைத் தொட்டுப் பாருங்கள். தளிர் எந்தப் பக்கம் முதலில் வருகிறது, எறும்பு எந்த வழியாக ஏறுகிறது, யார் கூடு கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சில வாரத்தில் அந்த மரத்தில் புதிதாக ஒன்று நடந்தால் உங்களுக்கு உடனே தெரியும். போனைப் பையிலேயே வையுங்கள். படம் எடுக்க ஆரம்பித்தால் பார்ப்பது நின்றுபோகும்.

பறவைச் சத்தத்துக்குக் காது கொடுங்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், பறவையைப் பார்த்ததாக அல்லது கேட்டதாகச் சொன்ன வேளைகளில் மக்களின் மனநிலை மேம்பட்டிருந்தது, அது சில மணி நேரம் நீடித்தது. மனச்சோர்வு உள்ளதாகக் கண்டறியப்பட்டவர்களிடமும் அப்படித்தான். பதற்றம் திடீரென்று ஏறும்போது இதையே பயன்படுத்தலாம். நின்ற இடத்தில் நின்று, எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று பிரித்து எண்ணுங்கள். கையில் ஓர் இலை இருந்தால் அதன் நரம்பை நகத்தால் தடவிக்கொண்டே எண்ணுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"போய் வெளியில கொஞ்சம் நில்லு, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். அதில் நீ முயற்சி செய்யவில்லை என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது, நோயாளிக்கு அது நன்றாகக் கேட்கும். "இந்தத் தொட்டியைத் தூக்கணும், ஒரு கை பிடிக்கிறியா?" என்று கேளுங்கள். தேவை உண்மையானதாக இருக்க வேண்டும். பெரியவர்களை ஏமாற்ற முடியாது.

வந்துவிட்டால் எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு பேருடைய கண்ணும் மண்ணில் இருக்கும்போது பேச்சு சுலபமாக வரும். ஆலோசனை அறையில் வாயே திறக்காதவர்கள், களை பிடுங்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், முக்கியமானதைச் சொல்லிவிடுவார்கள். சொல்லும்போது கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். களையைப் பிடுங்கிக்கொண்டே கேளுங்கள். பேசாமலே இருந்தாலும் சரி, அதுவும் கூட இருப்பதுதான். அவர் போன பிறகு அவர் நட்டதைத் திருத்தி நடாதீர்கள். வரிசை கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை

மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் வெயிலைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். லித்தியம் எடுத்துக்கொள்பவருக்கு வியர்த்து உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கைநடுக்கம் அதிகமானாலோ, வாந்தி, தள்ளாட்டம் வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளோர்புரோமசின் போன்ற மருந்துகளில் தோல் சீக்கிரம் வெயிலில் சிவந்து எரியும். சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடம்பு சூடு தணிவதைத் தடுக்கும். ஆகவே காலையோ மாலையோ, தொப்பியோடு, பக்கத்தில் குடிதண்ணீரோடு. பல மருந்துகளில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் எழும்போது தலை சுற்றி விழுவார். ஸ்டூலுக்கு இது இன்னொரு காரணம்.

டெட்டனஸ் கிருமி மண்ணிலேயே இருக்கிறது, தடுப்பூசி காலம் கடந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மண்கலவை மூட்டையைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, திறந்த வெளியில் பிரியுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா வகைப் பாக்டீரியா இருக்க வாய்ப்பு உண்டு.

பூச்சிமருந்து வீட்டுக்குள் வரவே கூடாது. மூன்று தொட்டிக்கு அது தேவையும் இல்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், துடைப்பதும் ஒரு வேலைதானே. தற்கொலை எண்ணம் என்பது பெரும்பாலும் அலையாக ஏறி இறங்கும். அது ஏறும் வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதிக நச்சுள்ள பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில் தற்கொலை விகிதம் வெகுவாகக் குறைந்தது. அந்த எண்ணம் வருகிறது என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக்கு அழைத்துப்போவது அப்புறம், முதலில் அவசர சிகிச்சை.

செடியைப் பார்த்தே தெரிவது

நோய் திரும்பி வருவதை வீட்டாருக்கு முன்பே செடி காட்டிவிடுவதும் உண்டு. வழக்கமாக ஈரமாக இருக்கும் மண் வெடித்திருக்கும், காய்ந்த இலை கிள்ளப்படாமல் தொங்கும், நோட்டில் பல நாள் வரி இருக்காது. மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்களிடம் இது எதிர்ப்பக்கமாகத் தெரியும். ஒரே நாளில் முப்பது தொட்டி வந்து இறங்கும், நடுராத்திரியில் மண் கிளறும் சத்தம் கேட்கும், தூக்கமில்லாமலே உற்சாகம் பொங்கும். பார்க்கிறவர்கள் தேறிவிட்டார் என்று சந்தோஷப்படுவார்கள். தொட்டி எண்ணிக்கை ஏறக் கூடாது என்ற விதி இவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். அவர் நன்றாக இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து பேசி, "இந்த எண்ணிக்கையைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது" என்று ஒப்புதல் வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மண் காய்ந்தாலும் சரி, தொட்டி குவிந்தாலும் சரி, ஒரு வாரம் அப்படியே போனால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். போன் செய்து தேதியை முன்னால் கேளுங்கள், போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.